செம்பூர் ராணியின் பட்டங்கள்

எங்கள் குடும்பத்தில் அரச பரம்பரையோடு நேரடித் தொடர்பு உள்ளவள் அத்தை ஒருத்திதான். தாராவியில் பத்துக்குப் பத்து அறையில் எங்களோடு இருந்தாள். காலை ஏழு மணிக்கு வெள்ளைச் சேலை கட்டிக்கொண்டு பஸ் ஏறி, செம்பூரில் ஒரு மகாராணிக்கு ஊசி போடப் போவாள். அறுபதுகளில் இது அப்படியொன்றும் நடக்காத காரியமில்லை. சமஸ்தானங்கள் போய் வெகுகாலம் ஆகியிருந்தாலும் பட்டங்கள் இன்னும் போகவில்லை. அந்த அம்மாள் வடக்கே எங்கோ ஒரு சிறிய ராஜ்யத்தின் மூத்த ராணி. மகன் மலபார் ஹில் மாளிகையை விற்றுவிட்டு, அம்மாவைச் செம்பூரில் ஒரு வாடகை பங்களாவில் குடிவைத்திருந்தார். ராணிக்குச் சர்க்கரை வியாதி. அத்தை அங்கே பகல் நர்ஸ்.

அத்தை வேலைக்குச் சேர்ந்த அன்றே, ராணியை எப்படிக் கூப்பிடுவார்கள் என்று கேட்டேன். எனக்கு அப்போது பதினோரு வயது.

"ஆளுக்கு ஒண்ணு சொல்லுதாவட்டி," என்றாள் அத்தை.

சமையல்காரர் 'ஹுக்கும்' என்பாராம். வேலைக்காரி 'பாய்ஸா' என்பாளாம். சர்க்காரிலிருந்து வரும் உறையில் 'ஹர் ஹைனஸ்' என்றிருக்குமாம். ஊரிலிருந்து கூடவே வந்த ஒரு கிழச் சேவகர் மட்டும் 'அன்னதாதா', அதாவது சோறு போடுகிறவர், என்பாராம். ஒரே ஆளுக்கு இத்தனை பெயரா என்று வாயைப் பிளந்தேன். எங்கள் சந்தில் என்னை அம்மா கூப்பிடும் பெயர் ஒன்றுதான் இருந்தது. அதுவும் பாதி நேரம் 'ஏட்டி'தான்.

அன்றைக்கே ஒரு கோடு போட்ட நோட்டில் ராஜாக்களைச் சேர்க்க ஆரம்பித்தேன். தோல் ஷாப்பு வைத்திருந்த பாய் வீட்டில் சுல்தானும் பாதுஷாவும் கிடைத்தார்கள். மராத்தி டீச்சர் சத்ரபதியைக் கொடுத்து, குடைக்கு உடையவர் என்று பொருளும் சொன்னார். மழைக்காலத்தில் எங்கள் கூரைக்கு அடியில் உட்கார்ந்து அதை எழுதியபோது, குடை வைத்திருப்பது எவ்வளவு பெரிய அதிகாரம் என்பது எனக்கு உடனே விளங்கியது. ருஷ்யாவின் ஜார், ஜெர்மனியின் கைசர் இரண்டும் பழைய ரோமாபுரிக்காரர் ஒருவருடைய பெயரிலிருந்து வந்தவை என்று சரித்திர டீச்சர் சொன்ன அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. ஒரு மனிதர் செத்து எத்தனையோ காலம் கழித்து அவருடைய பெயர் மட்டும் இரண்டு தேசங்களில் சிம்மாசனம் ஏறி உட்கார்ந்திருக்கிறது! பாரசீகத்தில் ஷா போதாதென்று ஷாஹின்ஷா. நம்மிடம் ராஜா போதாதென்று ராஜாதிராஜா. ஒருவரையொருவர் பார்த்தே இராத ஜனங்கள் எப்படி ஒரே மாதிரி யோசித்தார்கள் என்று நினைக்க நினைக்க உடம்பு சிலிர்க்கும்.

ராஜாதிராஜாவை எனக்குத் தந்தது அப்பா. எங்கள் ஆட்கள் வருஷத்துக்கு ஒருமுறை மேடை கட்டிச் சரித்திர நாடகம் போடுவார்கள். அப்பாவுக்கு வசனம் மனதில் தங்காது. குரல் மட்டும் ரயில்வே லைன் வரை கேட்கும். ஆகவே எல்லா வருஷமும் கட்டியக்காரன் வேஷம். ராஜா வருவதற்கு முன்னால் வந்து பட்டங்களைக் கூவிவிட்டுப் போய்விட வேண்டும். அந்த நாலு வரிக்கு அவர் ஒரு மாதம் குளிக்கும்போதெல்லாம் ஒத்திகை பார்ப்பார். சந்து முழுக்க அது மனப்பாடம்.

பள்ளிக்கூடம் லீவு விட்டிருந்த ஒரு நாள், அம்மாவுக்கு ஏதோ வேலை இருந்ததால் அத்தை என்னைச் செம்பூருக்குக் கூட்டிப் போனாள். "வாயைத் திறக்கப்பிடாது, எதையும் தொடப்பிடாது, அவிய ராணிட்டி," என்று பஸ்ஸில் மூன்று தடவை சொன்னாள்.

கிரீடம் இருக்கும் என்று நினைத்திருந்தேன். கட்டிலில், முக்காடு போட்டுக்கொண்டு, என்னைவிட ஒரு சாண்தான் உயரமாக இருந்த ஒரு கிழவி உட்கார்ந்திருந்தாள். ஆனால் அவர் தலையைத் திருப்பி என்னைப் பார்த்தபோது என் கை தானாகக் குவிந்தது. அதற்குப் பிறகு 'கிழவி' என்று மனதுக்குள்கூடச் சொல்ல எனக்குத் துணிவு வரவில்லை.

பன்னிரண்டு மணிக்கு ஊசி. போட்டு அரைமணிக்குள் அவர் சாப்பிட்டாக வேண்டும். நடுவில் ஒரு வழக்கம் உண்டு. கிழச் சேவகர் சிவப்புத் தலைப்பாகை கட்டி, வெள்ளிப் பூண் போட்ட தடியோடு வாசற்படியில் வந்து நிற்பார். ராணியின் பட்டங்கள் முழுவதையும் உரக்கச் சொல்வார். சொல்லி முடித்துத் தடியை மூன்று முறை தரையில் தட்டுவார். அதன் பிறகுதான் ராணி வாய் திறப்பார். அந்த வீட்டில் அது ஒரு நாளும் தவறியதில்லை.

அன்று கிழவர் வந்து நின்றார். மார்பை நிமிர்த்தி வாயைத் திறந்தார். வெறும் காற்றுதான் வந்தது. முந்தின நாள் காய்ச்சலில் தொண்டை அடைத்துக்கொண்டிருந்தது. தண்ணீர் குடித்துவிட்டு மறுபடி திறந்தார். கழுத்து நரம்பெல்லாம் புடைத்தது; சத்தம் எழும்பவில்லை. ராணி முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

கதவோரம் மகன் வைத்திருந்த மானேஜர் நின்றிருந்தார். கையில் நோட்டும் பேனாவும். நானும் நோட்டு வைத்திருப்பவள்தானே, அவரும் பட்டங்களைத்தான் எழுதுகிறார் என்று நினைத்து எனக்கு அவர்மேல் ஒரு தோழமை உண்டாயிற்று. அவர் இந்தியில், இந்தக் கூத்தெல்லாம் இனிமேல் வேண்டாம், சும்மா ஊட்டிவிடு என்று அத்தையிடம் சொன்னார். அத்தை பருப்பில் ஊறிய ரொட்டியை ஸ்பூனில் எடுத்து நீட்டினாள். உதடுகள் இறுகின. குளுக்கோஸ் தண்ணீரைக் கொண்டுவந்தாள். ராணி புறங்கையால் கிளாஸை நகர்த்திவிட்டார். டாக்டருக்கு போன் போட்டால் அந்தப் பக்கம் யாரும் எடுக்கவில்லை.

மணி ஒன்றாகப் போயிற்று. ராணியின் மேலுதட்டில் வியர்வை முத்துமுத்தாக வந்தது. விரல்கள் நடுங்கின. அத்தை என் பக்கம் திரும்பிச் சொன்னாள்: "ஊசி போட்டாச்சுட்டி. இன்னும் கொஞ்ச நேரம் இப்பிடியே இருந்தா மயக்கம் போட்டுருவாவ. உசிரு போயிரும்ட்டி." அத்தை அழுது நான் அதுவரை பார்த்ததில்லை.

யார் சொல்லி நான் எழுந்தேன் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. நேரே போய்க் கிழவர் பக்கத்தில் வாசற்படியில் நின்றேன். அப்பா நிற்கும் மாதிரி ஒரு காலை முன்னால் வைத்தேன்.

"ராஜாதிராஜ! ராஜமார்த்தாண்ட! ராஜகம்பீர! ராஜகுலதிலக!"

அப்பாவின் சரக்கு அதோடு தீர்ந்துவிட்டது. இவ்வளவுதானா என்கிற மாதிரி ராணியின் முகம் சுவர்ப் பக்கமே இருந்தது. நோட்டைத் திறந்தேன், மனதுக்குள். "பாதுஷா! சுல்தான்! ஷாஹின்ஷா! சத்ரபதி! ஜார்! கைசர்! ஹர் ஹைனஸ்!" மூச்சு முட்டியது. இன்னும் ஒன்று வேண்டும் போலிருந்தது. எனக்குத் தெரிந்த பெண் அதிகாரி ஒருத்தர்தான். "ஹெட்மிஸ்ட்ரஸ்!" என்று கத்தினேன். "பராக்! பராக்!"

ராணி முகத்தைத் திருப்பினார். என்னைப் பார்க்கவில்லை, கிழவரைப் பார்த்தார். இது சரியா என்று அவரைக் கேட்பது போலிருந்தது அந்தப் பார்வை. கிழவர் என்னைக் குனிந்து பார்த்தார். பிறகு தலையாட்டினார். தடியை மூன்று முறை தரையில் தட்டினார்.

ராணி வாயைத் திறந்தார்.

அத்தை ஒவ்வொரு ஸ்பூனாக ஊட்ட ஊட்ட, அந்த முகத்தில் ரத்தம் திரும்புவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். எங்கெங்கோ மண்ணாகிப் போன ராஜாக்களெல்லாம் என் வாய்வழியாக வந்து ஒரு உயிரைத் தடுத்து நிறுத்தியிருக்கிறார்கள்! எனக்குக் காலடியில் தரையே இல்லாத மாதிரி இருந்தது. அவ்வளவு பெரிய ஒன்றை அதற்கு முன்னும் பின்னும் நான் பார்த்ததில்லை.

சாப்பிட்டு முடித்ததும் ராணி தங்கள் ஊர் பாஷையில் மானேஜரிடம் மெதுவாக இரண்டு வாக்கியம் சொன்னார். மானேஜர் பேனாவைச் சட்டைப் பைக்குள் செருகிக்கொண்டு வெளியே போனார். கிழவர் தலைப்பாகையைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, வாசற்படியிலேயே உட்கார்ந்து சத்தமில்லாமல் அழுதார்.

ராணி என்ன சொன்னார் என்பதை நான் வேலைக்குப் போகத் தொடங்கிய பிறகுதான் அத்தை சொன்னாள். அவளுக்குச் சமையல்காரர் சொன்னது. வீட்டில் தேவையில்லாத ஆட்களை எழுதிக் கொடு என்று மகன் மானேஜருக்குச் சொல்லியிருந்தாராம். முதல் பெயர் கிழவருடையது. ஊரில் அவருக்கு ஒரு நாதியில்லை. அவர் கூவாவிட்டால் ராணி சாப்பிட மாட்டார் என்கிற ஒரே காரணத்துக்காகத்தான் அத்தனை வருஷம் அவரை வைத்திருந்தார்கள்.

"பட்டத்து மேல அவியளுக்கு ஒரு ஆசையும் கெடையாதுட்டி," என்றாள் அத்தை. "அந்த மனுசன் இல்லாமலே ஒரு வாய் சாப்பிட்டுட்டாவன்னா, அன்னைக்கே மவன் அவரை ரயில் ஏத்தி விட்டுருப்பான். அதுக்குத்தான் அப்பிடி உசிரைக் கையில பிடிச்சிக்கிட்டு உக்காந்திருந்தாவ. 'இனி குரல் வேண்டாம், அவர் தடியைத் தட்டினாப் போதும். தட்டாம நான் சாப்பிட மாட்டேன்'னு சொன்னாவளாம்."

அன்றைக்கு எனக்கு இதொன்றும் தெரியாது. தன் வேலையை ஒரு சின்னப் பெண் பிடுங்கிக்கொண்டாள் என்றுதான் கிழவர் அழுகிறார் என்று நினைத்தேன். பாவமாக இருந்தது. பக்கத்தில் போய், எனக்குத் தெரிந்த தாராவி இந்தியில், அழ வேண்டாம், நாளைக்கு நான் வரமாட்டேன், குரல் சரியானதும் நீங்களே சொல்லலாம் என்று பெரிய மனது பண்ணிச் சொன்னேன். அவர் என் இரண்டு கைகளையும் பிடித்துக் கண்களில் ஒற்றிக்கொண்டார். ஒரு மகாராணிக்குச் சோறு இறங்க வைத்தவளுக்கு இந்த மரியாதை நியாயம்தான் என்று எனக்குத் தோன்றியது. கைகளை அவரிடமே விட்டுவிட்டு, அவர் அழுது முடிக்கும் வரை தலை நிமிர்ந்து நின்றேன்.