உப்பக்காவின் ஞாயிற்றுக்கிழமைகள்

எங்கள் ஆஸ்பத்திரி சமையலறைத் தரையில் ஒரு மஞ்சள் கோடு உண்டு. இந்தப் பக்கம் உப்பு போட்ட சமையல். அந்தப் பக்கம் உப்பில்லாச் சமையல். உப்பு டப்பா கோட்டைத் தாண்டினால் தலைமைச் சமையல்காரர் ஆடித் தீர்த்துவிடுவார். அந்தப் பக்கம் பதினெட்டு வருஷமாக நிற்கிறவளுக்கு நாங்கள் வைத்த பெயர் உப்பக்கா. கிண்டலுக்கு வைத்ததுதான். இப்போது அவளுடைய சொந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவளே திரும்ப மாட்டாள்.

இன்னொரு சட்டமும் உண்டு. சமைத்தவர் தன் பானையிலிருந்துதான் மத்தியானம் சாப்பிட வேண்டும். தான் சாப்பிடாததை நோயாளிக்கு அனுப்பக் கூடாதாம். நல்ல சட்டம், உப்புப் பக்கம் இருக்கிறவர்களுக்கு! உப்பக்கா வாரம் ஆறு நாள் வெறும் வெந்த காயைத் தின்றுகொண்டிருந்தாள். எந்தத் தட்டு எந்தக் கட்டிலுக்கு என்று சீட்டு எழுதி ஒட்டுகிறவள் நான். என் தட்டில் எல்லாம் இருக்கும். அவள் எதிரில் உட்கார்ந்து சாப்பிட எனக்கே கூச்சமாக இருக்கும்.

ஒரு நாள் இதய வார்டில் ஒரு ரயில் டிரைவர் அவள் கொண்டுபோன சூப்பை ஒரு வாய் வைத்துவிட்டுக் கரண்டியைத் தூக்கி எறிந்தார்.

"இதெல்லாம் ஒரு சாப்பாடா? எங்க ஊர் பஸ் ஸ்டாண்டு பின்னாடி ஒருத்தன் மீன் சுடுவான். அவன் கையைக் கண்ணுல ஒத்திக்கலாம்!"

நானாக இருந்தால் நாலு வார்த்தை நறுக்கென்று கேட்டிருப்பேன். உப்பக்கா குனிந்து கரண்டியை எடுத்தாள்.

"எந்த பஸ் ஸ்டாண்டு? பழசா, புதுசா?"

அடுத்த ஞாயிறு காலை ஆறு மணி பஸ்ஸில் ஏறிவிட்டாள். நாலு மணி நேரப் பயணம். மீனைத் தின்றாள், கை கழுவினாள், அடுத்த பஸ்ஸில் திரும்பினாள். திங்கட்கிழமை என்னிடம் சொன்னது இவ்வளவுதான்: "அந்த ஆளு பொய் சொல்லலடி."

அன்றிலிருந்து மாதம் ஒரு ஞாயிறு, ஒரு ஊர். உப்பில்லாத தட்டைப் பார்த்து முகம் சுளிக்கிற நோயாளிகள் எல்லாம் அவளுக்கு வழிகாட்டிகள். அவர்கள் திட்டத் திட்ட இவள் தெருப் பெயர் கேட்டுக்கொள்வாள். ஒரு தடவை ஒரு தையல்காரர் சொன்ன கடை மூடி ஏழு வருஷம் ஆகியிருந்தது. பக்கத்துக் கடையில் சாப்பிட்ட ரொட்டி கல்லு மாதிரி இருந்ததாம். அதையும் சிரித்துக்கொண்டேதான் சொன்னாள்.

சிரிக்காத ஆள் அவளுடைய அண்ணன். புருஷன் போன பிறகு அவர் வீட்டு மாடி அறையில்தான் இவள் இருந்தாள். அவருக்குக் குழாய், பைப் விற்கிற கடை. ஊரில் நாலு பேர் மதிக்கிற மனுஷர். அந்த நாலு பேர் என்ன சொல்வார்கள் என்பதே அவருக்கு முழுநேரக் கவலை.

"ஒரு பொம்பளை, சாப்பிடறதுக்குன்னே தனியா பஸ் ஏறிப் போறாளாம்! இந்த வீட்ல உனக்குச் சோறு போடலையா? உடம்பு சரியில்லாதவங்களைப் பார்க்கப் போறேன்னு சொன்னாலும் ஒரு மரியாதை இருக்கு."

"எனக்குப் பசி இல்ல அண்ணா, ருசி வேணும்."

"இன்னொரு தடவை போனா மாடி ரூம் சாவியைக் கொடுத்துட்டுப் போ!"

மறுநாள் இதை என்னிடம் சொன்னாள் உப்பக்கா. ஐம்பத்து மூன்று வயதில் எங்கே போவாள்? விட்டுத் தொலையேன் அக்கா என்று வாய் வரை வந்தது. 

அவள் போனாள். சாவியைக் கொடுக்கவில்லை, இடுப்பில் செருகிக்கொண்டுதான் போனாள். அந்த மாதம் போன ஊரில், மார்க்கெட் ஓரத்துக் கடையில், கத்திரிக்காயைக் கனலில் தோல் கருகச் சுட்டு, பூண்டும் எலுமிச்சையும் சேர்த்துப் பிசைந்து கொடுத்தார்கள். பாதி சாப்பிட்டிருப்பாள், சுற்றியிருந்த மேஜைகளில் ஒரே கூச்சல். உப்பே போடவில்லையாம்! கடைக்காரர் உப்புக் கிண்ணத்தோடு ஓடி வந்தார். இவளுக்கு அப்போதுதான் உப்பில்லை என்றே தெரிந்தது. தட்டைக் கையால் மூடிக்கொண்டாளாம். "எனக்கு வேணாங்க, இது இப்படியே இருக்கட்டும்."

திரும்பி வந்தபோது அண்ணன் வீட்டில் இல்லை. கால் வீங்கி, மூச்சு வாங்கி, எங்கள் ஆஸ்பத்திரியில்தான் சேர்த்திருந்தார்கள். பன்னிரண்டாம் கட்டில், சிவப்பு மூடி. சிவப்பு மூடி என்றால் உப்பில்லாத் தட்டு. அந்தச் சீட்டை ஒட்டியது நான்தான். கொஞ்சம் அழுத்தியே ஒட்டினேன்.

உப்பக்கா மறுநாள் கத்திரிக்காயைச் சுட்டாள். தட்டை அவளே எடுத்துப் போனாள்; நானும் பின்னால் போனேன். அண்ணி தலைமாட்டில் உட்கார்ந்திருந்தாள். அண்ணன் வேண்டா வெறுப்பாக ஒரு கரண்டி எடுத்தார். அடுத்த கரண்டி எடுத்தார். தட்டு காலியாகிற வரை நிமிரவில்லை.

"உப்பு இல்லாமலா இப்படி?" என்றார். பிறகு முகம் தெளிந்து, "இப்பப் புரியுது. நோயாளிங்களுக்காகத்தான் ஊர் ஊரா போய்க் கத்துக்கிட்டு வந்தியா! முன்னாடியே சொல்லியிருந்தா நான் ஏன் தடுக்கப் போறேன்?"

"புண்ணியம்ல அது!" என்றாள் அண்ணி.

ஆமாம் என்று ஒரு வார்த்தை போதும். அறையும் மிஞ்சும், பஸ்ஸும் மிஞ்சும், மேலே நல்ல பெயரும் கிடைக்கும். சொல்லிவிடு அக்கா என்று அவள் முதுகில் இடித்தேன்.

"இல்லண்ணா," என்றாள் உப்பக்கா. "யாருக்காகவும் போகல. என் நாக்குக்காகப் போனேன். இது அங்க தற்செயலா கிடைச்சுது. கிடைக்காட்டியும் போயிருப்பேன். அடுத்த மாசமும் போவேன்."

இடுப்பிலிருந்து மாடிச் சாவியை எடுத்துக் காலித் தட்டின் நடுவில் வைத்தாள்.  

அண்ணன் சாவியையே பார்த்துக்கொண்டிருந்தார்.  கடைசியில் கரண்டி நுனியால் சாவியை விளிம்புக்குத் தள்ளினார்.

"இதை எடு. இன்னும் கொஞ்சம் வைக்கணும்னா இடம் வேணாமா?"

இரண்டாவது தடவை பரிமாறியதும் மெதுவாகக் கேட்டார். "எந்த ஊரு அது? என்னையும் ஒரு தடவை கூட்டிட்டுப் போறியா?"

உப்பக்கா சாவியைத் துடைத்து இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"அட்ரஸ் எழுதித் தரேன் அண்ணா. நீங்க அண்ணியோட போங்க. நான் தனியாத்தான் போவேன்."