வெள்ளிக் கால்

இன்று மேடையில் கழுத்தில் மாட்டிய மெடலை வீட்டுக்கு வந்து தகரப்பெட்டியில் போட்டேன். அதே சத்தம், அன்று பழனிக் கோயில் உண்டியலில் கேட்டது.

போலியோவில் சூம்பிய என் காலுக்காக அம்மா தைப்பூசந்தோறும் வெள்ளித் தகட்டில் செய்த குட்டிக் கால் ஒன்றை உண்டியலில் போடுவாள். அப்பாவோ என்னைத் தூக்கிப்போய் எங்கள் மலையூர் வில்பட்டியின் ஓடையில் இறக்கிவிடுவார். யூகலிப்டஸ் இலை மிதக்கும் அந்தக் குளிர்ந்த தண்ணீரில் மட்டும் என் கால் கனக்காது. அப்படிப் பழகித்தான் மதுரையில் ஊனமுற்றோர் நீச்சல் போட்டியில் ஜெயித்தேன். அந்த வருஷத் தைப்பூசத்தில் அம்மா வெள்ளிக் காலோடு என் மெடலையும் உண்டியலில் போட்டுவிட்டாள்.

“அது நான் ஜெயிச்சதும்மா!”

“முருகன் வச்சுக்கிட்டு கால குடுக்கட்டும் தாயி. நீ இப்பிடித் தண்ணியில கெடந்து சீரழிய வேணாம்ல.”

அப்புறம் ஜெயித்த எதையும் அவளுக்குக் காட்டாமல் இந்தப் பெட்டியில் ஒளித்துவைத்தேன். அம்மா போய் எவ்வளவோ காலமாயிற்று. பெட்டியை இன்னும் பூட்டித்தான் வைக்கிறேன்.