பார்மலினில் கரைந்தது

அறுபதுகளில் தாம்பரத்தில் வேலை தேடி அலைந்தபோது, கடல் உயிர்களை ஆராயும் ஒருவரிடம் வலை தூக்கும் வேலை கிடைத்தது. ஒல்லியான உடம்பு, தடித்த மூக்குக் கண்ணாடி. பிடித்ததைக் கெடாமல் வைக்கும் பார்மலின் பட்டு அவர் விரல்கள் பிணத்தின் விரல்களைப் போல் வெளுத்திருந்தன.

ஒருநாள் காலை கோவளம் கடலில், மெல்லிய துணி வலைக்குள் கண்ணாடி போன்ற ஒன்று வந்தது. அதன் விளிம்புகளில் வானவில் நிறங்கள் ஓடின. எந்தப் புத்தகத்திலும் இது இல்லை என்றார். பார்மலின் பாட்டிலில் அதை விட்டார். நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது மங்கி மறைந்தது.

"இன்னா சார், எங்க பூட்ச்சு?"

"கரைஞ்சிடுச்சுப்பா. உடம்பைக் காட்டலைன்னா ஒருத்தனும் நம்பமாட்டான். நீ பார்த்தே இல்ல?"

"பார்த்தேன் சார். சத்தியமா."

அந்தப் பாட்டிலுக்கும் சீட்டு ஒட்டி அலமாரியில் வைத்தார். பார்க்க வந்த பேராசிரியர்கள், "வெறும் தண்ணிக்கு லேபிளா சார்?" என்று சிரித்துவிட்டுப் போனார்கள். மாதக்கணக்கில் வலை போட்டும் இன்னொன்று கிடைக்கவில்லை. தினமும் காலையில் என்னை உட்காரவைத்து, "எப்படி இருந்துச்சு, சொல்லு" என்பார். நான் சொல்வேன். தான் பார்த்தது நிஜம் என்பதற்கு அவருக்கு என்னைவிட்டால் வேறு சாட்சி இல்லை.

ஒருநாள் சொன்னதையே சொல்லி அலுத்துப்போய், அதற்கு ஒரு கண் இருந்தது என்று விளையாட்டாகச் சேர்த்துவிட்டேன்.

அவர் அலமாரியை ஒருமுறை திரும்பிப் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, "உன்னையும் பார்த்துச்சா?" என்றார்.

அதன்பின் அங்கே இருந்த நாள்வரை, அந்த அலமாரிக்கு முதுகைக் காட்டி நான் உட்காரவில்லை.