ஈர வாசல்

இன்றைக்கும் யாராவது, "ஊரே எரியும்போது உனக்குக் கோலம் கேட்குதா?" என்றால் எனக்குச் சுருக்கென்று கோபம் வரும். ஆமாம், கேட்கிறது என்பேன். இந்த வாய் அம்மாவிடமிருந்து வந்தது. ஆனால் பத்து வயதில் நான் அம்மாவுக்கு எதிர்க்கட்சியில் இருந்தேன்.

அடையாற்றங்கரையில் எங்கள் சந்தில் மாடு வைத்திருந்த வீடு எங்களுடையது மட்டும்தான். கறவை ஒன்று, சினையாக ஒன்று. கொட்டகையின் தகரக் கூரை முழுக்கப் பறங்கிக்கொடி படர்ந்திருக்கும். மார்கழியானால் மயிலாப்பூர் வீடுகளுக்குப் பாலோடு, கோலத்தின் நடுவில் வைக்கச் சாணமும் பூவும் போகும். விடியுமுன் அம்மா கறந்துகொண்டிருப்பாள். நான் சாணத்தை எலுமிச்சை அளவில் உருட்டி, ஒவ்வொன்றின் தலையிலும் ஒரு மஞ்சள் பூவைச் செருகிக் கூடையில் அடுக்குவேன். அந்தப் பனியில் சாணத்தின் சூடு கைக்கு அவ்வளவு இதமாக இருக்கும். இதைச் சொன்னால் என் ஆபீஸில் முகம் சுளிக்கிறார்கள். சுளிக்கட்டும்.

அந்த வருஷம் மார்கழியில், அப்பா லாரி ஓட்டிக்கொண்டிருந்த நாட்டில் சண்டை மூண்டது. அவருக்குப் போன் போட்டால் மணிகூட அடிக்கவில்லை. அப்பாவின் அக்காவான அத்தை ஆதம்பாக்கத்திலிருந்து பையோடு வந்து எங்கள் டிவி முன்னால் உட்கார்ந்துவிட்டாள். எட்டு மணிக்கு எரிந்த அதே கட்டடத்தை ஒன்பது மணிக்கும் எரியவிட்டார்கள். அத்தை இரண்டு தடவையும் புதிதாக அழுதாள். சந்துப் பெண்கள் வந்து கூட உட்கார்ந்து அழுதார்கள். நானும் அழுதேன்.

அழாதவள் அம்மா ஒருத்திதான். காய்கறிக் கடைகளில் ஒதுக்கிப் போட்ட காலிஃப்ளவர் இலையைச் சாக்கில் சுமந்து வந்து மாடுகளுக்குப் போட்டாள். சினைமாட்டின் முதுகில் கோணியைப் போர்த்திவிட்டாள். வாசலில் கோலம் நாளுக்கு நாள் பெரிதாகிக்கொண்டே போய், ஐந்தாம் நாள் எதிர்வீட்டுப் படியைத் தொட்டது.

"புருசன் இன்னா ஆனான்னே தெர்ல. உனுக்குக் கோலம் கேக்குதா?" என்று அத்தை கத்தினாள்.

"கேக்குது அண்ணி. மாட்டுக்குத் தவிடுகூட கேக்குது" என்று சொல்லிவிட்டு அம்மா டிவியை அணைத்தாள். அத்தை மறுபடியும் போட்டாள்.

அம்மாவை நான் அன்று வெறுத்தேன். கொட்டகைக்குப் போய்ச் சினைமாட்டின் வயிற்றில் கன்னத்தை வைத்துக்கொண்டு நின்றேன். உள்ளே கன்று அசைந்தது. ஐந்து நாளாகப் படபடத்துக்கொண்டிருந்த நெஞ்சு அங்கேதான் கொஞ்சம் அடங்கியது.

மறுநாள் காலை அம்மா பால் ஊற்றப் போனதும் அத்தை என்னிடம், "உங்க நைனா அங்க இன்னா பாடு பட்டுகினு கீறானோ, இங்க வாசல்ல கோலம் சிரிச்சிகினு கீது" என்று மூக்கைச் சிந்தினாள். எனக்கு அதுவே போதுமாக இருந்தது. வாளி நிறையத் தண்ணீர் கொண்டுபோய்க் கோலத்தின்மேல் கொட்டித் துடைப்பத்தால் தேய்த்தேன். சாண உருண்டையைப் பூவோடு சாக்கடையில் எறிந்தேன். அப்பாவுக்குப் பெரிய உதவி செய்துவிட்டதுபோல் ஒரு நிம்மதி.

அம்மா சந்து முனையில் திரும்பினாள். வாசலைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டாள். பால் கேன் கையிலிருந்து நழுவி உருண்டது.

"போன் வந்துச்சா? இன்னா சொன்னாங்க? சொல்லு!"

அந்தக் குரலை நான் அதற்குமுன் கேட்டதில்லை. அத்தை உள்ளேயிருந்து ஓடிவந்து, கழுவிய வாசலைப் பார்த்து வாயைப் பொத்திக்கொண்டாள்.

"போன்லாம் வரல. நான்தான் கழுவுனேன்" என்றேன்.

அம்மா ஈரத்திலேயே உட்கார்ந்துவிட்டாள். பிறகு எழுந்து வந்து என்னை அறைந்தாள். என்னை அவள் அடித்தது அந்த ஒரு தடவைதான். அடித்த கையால் கோலமாவுக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு குனிந்தாள். அத்தை கொட்டகைக்குப் போய்ச் சாணம் எடுத்துவந்து உருட்டினாள். அன்றைய கோலம் எதிர்வீட்டுப் படியையும் தாண்டிப் போனது.

நான்கு நாள் கழித்து அப்பா போன் பண்ணினார். முதலில் கேட்டது, மாடு கன்று போட்டுவிட்டதா என்று.

கோலமாவை வீணாக்கியதற்குத்தான் அம்மா அடித்தாள் என்று வெகுநாள் நினைத்துக்கொண்டிருந்தேன். நான் பத்தாவது படிக்கும்போது எதிர்வீட்டில் ஒருவர் இறந்துபோனார். உடலை எடுத்ததும் அந்த வீட்டுப் பெண்கள் வாசலை வாளி வாளியாகக் கழுவி, கோலம் போடாமல் அப்படியே விட்டார்கள். அந்த ஈரத்தைப் பார்த்தபோதுதான், அன்று காலை சந்து முனையில் நின்று அம்மா எதைப் பார்த்தாள் என்று எனக்குத் தெரிந்தது.