கொடுத்துவிட்டு வந்த மாத்திரைகள்

எங்கள் சபை வாலிபர் குழுவோடு உகண்டாவுக்கு ஊழியத்துக்குப் போயிருந்தேன். கிளம்பும் நாளில் கையில் இருந்ததையெல்லாம் அங்குள்ளவர்களுக்குக் கொடுத்தோம். செருப்பு, போர்வையோடு என் மலேரியா தடுப்பு மாத்திரைகளையும் எங்களுக்குச் சமைத்துப்போட்ட அக்காவிடம் கொடுத்துவிட்டேன். ஊர் திரும்பிய பிறகும் சில வாரங்கள் விழுங்கச் சொல்லியிருந்தார்கள். இலங்கை மலைநாட்டில் தேயிலைத் தோட்டத்து ஊரான எங்கள் வட்டகொடைக் குளிரில் ஏது மலேரியா என்ற நினைப்பு எனக்கு.

வந்து கொஞ்ச நாளில் காய்ச்சல் அடித்தது. "நம்ம ஊரு குளிரு ஒனக்கு மறந்துபோச்சு" என்று அம்மா கொத்தமல்லி அவித்துக் கொடுத்தார். சபையார் வந்து ஜெபித்தார்கள். காய்ச்சல் விடும், மறுபடி கட்டிலே ஆடும் அளவுக்கு நடுக்கம் வரும். பேச்சுக் குழறத் தொடங்கியதும் ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனார்கள்.

"போன வாரம் வெளிய எங்கயாவது போனாங்களா?" என்று டொக்டர் கேட்டார்.

"எங்கயும் போகலைங்க டொக்டர். லயத்து வீட்டுலயேதான் படுத்துக் கெடந்தா" என்றார் அம்மா.

அது பொய்யில்லை. போன வாரத்துக்கு முன்பே நான் ஊர் வந்துவிட்டேன். எங்கிருந்து வந்தேன் என்று சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை.

ஊசி போடக் கையைத் திருப்பிய டொக்டர், உகண்டாவில் பிள்ளைகள் கட்டிவிட்ட பாசிமணியைப் பார்த்தார். "இது எங்க வாங்கினது?"

அம்மா சொன்னதும் அவர் முகம் மாறியது. உடனே இரத்தம் எடுத்தார்கள். மலேரியாதான்.

பிழைத்துவிட்டேன். இப்போது எந்தக் குழு புறப்பட்டாலும் வழியனுப்பப் போய் ஒன்றே ஒன்று சொல்கிறேன்: "போட்டிருக்க சட்டையக்கூட குடுத்துட்டு வாங்க. மாத்திரைய மட்டும் வீட்டுக்குக் கொண்டாந்துருங்க."