ரெட்டுக்கு யார் பாலோ

ஜோகுபாளையத்தில் எங்கள் சங்கத்துக்கு ஒரே ஒரு கேரம் போர்டு. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நான்கு பேர் சுற்றி உட்காருவார்கள். மற்றவர்கள் தோளுக்கு மேலே எட்டிப் பார்ப்பார்கள். எதிரெதிரே உட்காருகிறவர்கள் ஜோடி. எனக்கு எதிரே எப்போதும் என் சிநேகிதன்தான். தொழிற்சாலையில் பிட்டர் வேலை அவனுக்கு.

நடுவில் இருக்கும் சிவப்புக் காயை, அதாவது ரெட்டைப் போட்டால் மட்டும் ஆகாது. பின்னாலேயே சொந்தக் காய் ஒன்றையும் போட வேண்டும். அதற்குப் பெயர் பாலோ. தவறினால் ரெட் மறுபடி நடுவுக்கு வந்துவிடும். எங்கள் பேட்டையில் ஒரு சலுகை உண்டு: பாலோவை ஜோடிக்காரன் தன் முறையில் போட்டாலும் செல்லும். என் சிநேகிதனுக்கு அடி பலம், நிதானம் கிடையாது. எனக்கு நிதானம் மட்டும்தான். ரெட்டைப் போட்டுவிட்டு என் முகத்தைப் பார்த்து, "இனி உன் பாடு மச்சான்" என்பான். குழி வாயில் நிற்கிற காயைத் தட்டிவிடுவது பெரிய வித்தையில்லை. ஆனால் அந்தப் பார்வைக்காக வாரம் முழுக்கக் காத்திருப்பேன்.

எங்கள் வீட்டில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போனவன் நான். ஹைஸ்கூல் விளையாட்டு அறையில் விதிகளை அச்சடித்து மாட்டியிருந்தார்கள்: ரெட்டைப் போட்டவனே பாலோவும் போட வேண்டும். அதைச் சங்கத்தில் வந்து சொன்னேன். "படிச்சவன் சொல்றான், சரியாத்தான் இருக்கும்" என்று ஒத்துக்கொண்டார்கள். பெருமை தாங்கவில்லை எனக்கு.

அப்புறம் சிநேகிதன் ரெட்டைப் போட்டால் என்னைப் பார்ப்பதில்லை, பலகையையே பார்த்தான். பாலோவுக்கு நான் தேவையில்லை என்று ஆனபின், அடிக்கத் தெரியாத ஜோடிக்காரன் வெறும் பாரம். ஜீவனஹள்ளிச் சங்கத்துக்காரர்களோடு பந்தயம் என்று முடிவானதும், தன்னோடு வேலை செய்கிற ஒருத்தனைக் கூட்டிக்கொண்டு வந்தான். அந்தப் புது ஆள் ரெட்டையும் பாலோவையும் ஒரே மூச்சில் போட்டான்.

"இன்னா கை குரு இது" என்று என் சிநேகிதன் அவன் விரலைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தான்.

பந்தயத்துக்கு முந்தின ஞாயிறு மெதுவாகப் பேச்சை எடுத்தேன். "பாலோவை ஜோடிக்காரனும் போடலாம்னு பழையபடி வெச்சுக்கலாமே. நம்ம பேட்டை வழக்கம்தானே அது?"

"ரூல்னா ரூல்னு நீதானப்பா சொன்னே" என்றான் சிநேகிதன்.

"ஜீவனஹள்ளியில கேட்டுப் பார்க்கலாம்..."

"பேடப்பா, வேணாம். அங்கயும் உன்ன மாதிரி ஒருத்தன் படிச்சித் தொலைச்சிருப்பான்."

எல்லோரும் சிரித்தார்கள். புது ஆள் மட்டும் சிரிக்காமல், நகர்ந்து பெஞ்சில் எனக்கு இடம் கொடுத்தான். அந்த மரியாதைதான் ஜாஸ்தி சுட்டது.

பந்தயத்தன்று வேண்டுமென்றே புது ஆளுக்குப் பின்னால் நின்றேன். சிநேகிதன் தலை தூக்கினால் என்னைப் பார்த்தாக வேண்டும். அவன் ரெட்டைப் போட்டான். பாலோ தவறியது. ரெட்டை எடுத்து நடுவில் வைத்தார்கள். எனக்கு உள்ளுக்குள் இனித்தது. இப்போதாவது என்னை நினைப்பான் என்று அவன் கண்ணையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

எதிராளி அடித்த அடி வீணாயிற்று. அடுத்தது புது ஆள். ரெட், பாலோ, இரண்டும் விழுந்தன. மீதிக் காய்களையும் அவனே போட ஆரம்பித்தான். சிநேகிதனுக்கு அங்கே செய்ய ஒன்றுமில்லை. அவன் முகம் சுருங்கும் என்று காத்திருந்தேன். அவனோ கையை நீட்டி ஸ்ட்ரைக்கரை வாங்கி, ஒட்டியிருந்த பவுடரைத் தன் சட்டையிலேயே துடைத்து, புது ஆளின் கையில் வைத்தான். என் ஸ்ட்ரைக்கரை அவன் ஒருநாளும் துடைத்துக் கொடுத்ததில்லை.