ஆறாம் படி

கனகத்துக்குக் கோபம் வந்தால் சேரப்பணஞ்சேரிக்கே தெரியும். ஆனால் எழுபத்து நாலாம் வருஷக் கோடையில் வந்தது நியாயமான கோபம். கேட்டால் உங்களுக்கும் வரும்.

புருஷன் போனபின் அவளுக்கு மிஞ்சியது ஐம்பது சென்ட் நிலமும், பங்குக் கிணற்றில் பாதி உரிமையும். மறுபாதி புருஷனின் அண்ணன், மூத்தார் கண்ணப்பனுடையது. காலையிலிருந்து உச்சிவரை அவர் முறை, உச்சிக்குமேல் இவள் முறை. மாடு கட்டி இறைத்த காலத்து ஏற்பாடு அது. இறைக்க இறைக்கக் கிணறும் ஊறிக்கொண்டிருந்ததால் யாருக்கும் குறையில்லை.

இப்போது கண்ணப்பன் மோட்டார் வைத்துவிட்டார். பத்து மணிக்கெல்லாம் கிணற்றில் சேறுதான். அவர் நெல்வயலில் தண்ணீர் வரப்பு வழிந்து ஓடையில் வீணாகப் போகும், பக்கத்திலேயே கனகத்தின் கத்திரி வாடித் தொங்கும். பாத்தி பாத்தியாக அளந்து பாய்ச்சி, தாம்பரம் சந்தைக்குக் கூடை அனுப்பி, மூத்தாரின் இரண்டு ஏக்கர் நெல்லைவிட அதிகம் மிச்சம் பிடித்தவள் அவள். அதுதான் அவருக்குப் பொறுக்கவில்லை என்பேன் நான். பிஞ்சு விடும் நேரம். நாலு நாள் காய்ந்தால் அத்தனையும் போச்சு.

ஊர்ப் பெரியவர்களைக் கூட்டினாள். நேரத்தைப் பார்க்காதீர்கள், கிணற்றுப் படியைப் பாருங்கள் என்றாள். விடியும்போது பன்னிரண்டு படிக்குத் தண்ணீர் நிற்கிறது, ஆறு படி அவருக்கு, ஆறு எனக்கு. அவர்கள் சிரித்தார்கள். முறை முறைதான், உச்சிக்குமேல் கிணறு முழுக்க உன்னுடையது என்று தீர்ப்புச் சொல்லித் துண்டை உதறிக்கொண்டு எழுந்தார்கள். காலிக் கிணற்றைத் தாரை வார்த்த தர்மவான்கள்!

மறுநாள் உச்சியில் கனகமும் கூலிக்கு வந்த லீலாவும் கிணற்றில் இறங்கி, மோட்டாரின் ரப்பர் குழாயை அவிழ்த்து மேலே இழுத்துப் போட்டார்கள். கண்ணப்பன் ஓடி வந்தார்.

"உச்சிக்கு மேல கிணறு என்னுதுன்னு ஊரே சொல்லிச்சு. என் கிணத்துல உங்க பைப்புக்கு இன்னா வேலை மாமா?" என்றாள்.

அவளைத் தடுக்கப் பெரியவர்களுக்கு வழியில்லை. சொன்ன வார்த்தை அவர்களுடையதாயிற்றே. தினமும் உச்சியில் அவள் இழுத்துப் போட, மறுநாள் காலையில் ஆள் பிடித்துக் குழாயை இறக்கி, காற்றுப் புகாமலிருக்கச் சாணி கரைத்து ஊற்றி மோட்டாரை உயிர்ப்பிப்பதற்குள் கண்ணப்பனுக்குப் பாதிப் பொழுது போயிற்று. மூன்றாம் நாள் அவரே இறங்கி ஆறாம் படியில் சுண்ணாம்புக் கோடு போட்டார். கத்திரி பிழைத்தது.

அடுத்த வருஷம் அவர் கத்திரி விதை கேட்டு வந்து நின்றார். கனகம் முறத்தோடு எடுத்துக் கொடுத்தாள். கோபம் மட்டும் ஆறவில்லை.

"எடுத்துனு போங்க மாமா. அந்தக் கோட்ட மட்டும் அழிச்சிடாதீங்க."